பொதுத்துறை வேலையை விட்டுவிட்டு கன்சல்டிங் நிறுவனத்தில் சேரலாமா?

கேள்வி: குழாய்ப் பொறியாளன் (மயூர் விஹார், தில்லி)

அனைவருக்கும் வணக்கம்.

எனக்கு வயது 30. சிவில் பொறியியல் படித்துவிட்டு, தில்லியில் தலைமையகம் உள்ள ஒரு பொதுத்துறை நிறுவனத்தில் ஏறத்தாழ ஆறரை ஆண்டுகளாகக் குடிநீர்த் திட்டங்களில் வேலை பார்த்து வருகிறேன். முதல் நான்கு ஆண்டுகள் களத்தில் இருந்தேன்; அதன் பிறகு தலைமையகத்தில் மேசை வேலை. இப்போது குருகிராமில் உள்ள ஒரு பெரிய கன்சல்டிங் நிறுவனத்தின் அரசு ஆலோசனைப் பிரிவிலிருந்து அழைப்பு வந்திருக்கிறது. இங்கே எல்லாம் சேர்த்து ஆண்டுக்கு 18 லட்சம் வருகிறது. அங்கே 27 லட்சம் என்கிறார்கள், அதில் மூன்றரை லட்சம் வேரியபிள் பே, அதாவது செயல்பாட்டைப் பொறுத்துக் கூடிக் குறையும் பகுதி. சேரும்போது தனியாக ஒன்றரை லட்சம் ஜாயினிங் போனஸ் உண்டாம்.

என்னை இழுப்பது பணம் மட்டும் அன்று. இங்கே ஒரு கோப்பு மூன்று மேசைகளைக் கடப்பதற்குள் ஒரு பருவமழை வந்து போய்விடுகிறது. என்னோடு படித்து கன்சல்டிங்குக்குப் போன நண்பர்கள் அமைச்சகத்தில் இணைச் செயலாளருக்கு எதிரே அமர்ந்து திட்டத்தை விளக்குகிறார்கள்; அதே அதிகாரிக்குப் போகும் கோப்பில் நான் பக்க எண் போட்டுக்கொண்டிருக்கிறேன்.

தயக்கத்துக்கும் காரணம் உண்டு. களத்தில் இருந்தபோது 150 மி.மீ. டக்டைல் அயர்ன் குழாய் வரிசை ஒன்றுக்கு ஹைட்ரோ டெஸ்ட், அதாவது நீரழுத்தச் சோதனை, எடுத்தோம். ஒப்பந்ததாரர் தேநீருக்குக் கூப்பிட்டும் போகாமல் பிரஷர் கேஜைப் பார்த்தபடி நின்றேன். முள் மிக மெதுவாக இறங்கியது. மூடாமல் விட்டிருந்த இணைப்புகளை ஒவ்வொன்றாகக் குனிந்து பார்த்துக்கொண்டே நடந்ததில், ஓர் இணைப்புக்கு அடியில் மட்டும் மண் ஈரமாக இருந்தது. பிரித்துப் பார்த்தால் ரப்பர் கேஸ்கெட் மடங்கி உட்கார்ந்திருந்தது. அதை மாற்றி, மறுபடி அழுத்தம் ஏற்றி, முள் அசையாமல் நின்ற பிறகுதான் எம்.பி. புத்தகத்தில், அதாவது முடிந்த வேலையின் அளவுகளைப் பதியும் மெஷர்மென்ட் புக்கில், கையெழுத்துப் போட்டேன். கன்சல்டிங் வேலையில் இதற்கு ஈடாக ஏதாவது உண்டா என்பதுதான் என் முதன்மையான கேள்வி.

மனைவிக்கு ஆறாம் மாதம் நடக்கிறது. அவர் பள்ளி ஆசிரியை. இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். ஆஃபர் கடிதம் வருவதற்கு முன்பே, என் சிவியை, அதாவது படிப்பு, பணி விவரக் குறிப்பை, அவர்கள் அனுப்பிய படிவத்தில் நிரப்பி, ஒவ்வொரு பக்கத்திலும் கையெழுத்திட்டு அனுப்பச் சொன்னார்கள். அனுப்பிவிட்டேன். வழக்கமான நடைமுறையாகத்தான் இருக்கும் என்று நினைக்கிறேன்.

பதில்: கரோல் பாக் வாசி

சேர்ந்துவிடுங்கள். 30 வயதில் வருகிற அழைப்பு 36 வயதில் வராது. அப்போது உங்கள் அனுபவத்துக்கு ஏற்ற பதவி அவர்களிடம் இருக்காது, அவர்கள் தருகிற பதவியை ஏற்க உங்கள் மனம் இடம் தராது. பிடிக்கவில்லை என்றால் இரண்டு ஆண்டுகளில் வேறு எங்காவது போய்க்கொள்ளலாம்.

பதில்: பழைய கன்சல்டன்ட் (குருகிராம்)

பதினோரு ஆண்டுகள் இந்தத் தொழிலில் இருந்து, இப்போது ஓர் உற்பத்தி நிறுவனத்தில் இருக்கிறேன். மேலே சொன்ன நண்பரின் அவசரம் எனக்கு இல்லை.

முதலில், கன்சல்டிங் என்ற ஒரே பலகைக்குப் பின்னால் வெவ்வேறு கடைகள் இருக்கின்றன. 1926இல் சிகாகோவில் தொடங்கிய மெக்கின்சி, 1963இல் தொடங்கிய பாஸ்டன் கன்சல்டிங் குரூப், 1973இல் தொடங்கிய பெயின் ஆகியவை நிர்வாகத்தின் மேல்மட்டத்துக்கு யோசனை சொல்லி வளர்ந்தவை. டெலாய்ட், பிடபிள்யூசி, இஒய், கேபிஎம்ஜி நான்கும் தணிக்கைத் தொழிலிலிருந்து கிளைத்து வந்தவை. ஆர்தர் ஆண்டர்சன் குடும்பத்திலிருந்து பிரிந்து 2001இல் பெயர் மாற்றிக்கொண்ட ஆக்சென்ச்சர், பெரும்பாலும் கணினி அமைப்புகளை நிறுவித் தருவதில் பிழைக்கிறது. இவற்றோடு, குருகிராமிலேயே இருக்கும் ரைட்ஸ் போன்ற பொறியியல் ஆலோசனை நிறுவனங்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அவை உங்களுக்குப் பக்கத்து வீடு. ஒரு கடையில் நல்லது கெட்டது என்று கேள்விப்படுவது அடுத்த கடைக்குப் பொருந்தாது. உங்கள் நண்பர்கள் எந்தக் கடையில் இருக்கிறார்கள் என்று கேட்டுக்கொள்ளுங்கள். ஒரே நிறுவனத்துக்குள்கூட நீங்கள் எந்தப் பிரிவில், எந்தப் பார்ட்னருக்குக் கீழே சேர்கிறீர்கள் என்பது, நிறுவனத்தின் பெயரைவிடப் பெரிய விஷயம்.

எனக்குக் கிடைத்த நன்மையை மறைக்க மாட்டேன். வேலைக்குச் சேர்ந்த புதிதில் நாற்பது ஸ்லைடுகள் கொண்ட அறிக்கை ஒன்றைத் தயாரித்துக் கொடுத்தேன். மேனேஜர் முழுவதையும் புரட்டிவிட்டு, "இதைப் பார்த்த பிறகு கிளையன்ட் திங்கட்கிழமை காலையில் எதை மாற்றிச் செய்ய வேண்டும்?" என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லை. மூன்று இரவுகள் உட்கார்ந்து அதை ஆறு ஸ்லைடுகளாகக் குறைத்தேன். குழம்பிக் கிடக்கும் ஒரு பிரச்சினையைக் கிளை கிளையாகப் பிரித்து, எந்தக் கிளையில் பணம் கசிகிறது என்று பார்த்து, மற்றவற்றைக் கூச்சமில்லாமல் ஒதுக்கிவிடும் பழக்கம் அங்கேதான் வந்தது. மூன்று ஆண்டுகளில் மின் விநியோகம், உரம், துறைமுகம் என்று மூன்று துறைகளின் உள்பக்கத்தைப் பார்த்தேன். ஒரே நிறுவனத்தில் இருந்திருந்தால் எனக்கு அது வாய்த்திருக்காது.

இனி மறுபக்கம். ஒவ்வொரு வாரமும் டைம்ஷீட் நிரப்ப வேண்டும். உங்கள் நேரத்தில் எவ்வளவு கிளையன்டுக்குப் பில் போடப்பட்டது என்பதுதான் யூட்டிலைசேஷன். ஒரு புராஜெக்ட் முடிந்து அடுத்தது கிடைக்கும் வரை பெஞ்சில் இருப்பீர்கள். முதல் வாரம் பெஞ்ச் என்பது விடுமுறை போல இனிக்கும். மூன்றாவது வாரத்தில் ஒவ்வொரு பார்ட்னரின் அறை வாசலிலும் நின்று, "ஏதாவது புரபோசல் இருந்தால் சொல்லுங்கள்" என்று கேட்கத் தொடங்குவீர்கள். ஆண்டு இறுதியில் ரேட்டிங் போடும்போது, நீங்கள் பெஞ்சில் இருந்தபோது சந்தை மந்தமாக இருந்தது என்பதை யாரும் நினைவில் வைத்திருக்க மாட்டார்கள். மேலே ஏறு, இல்லாவிட்டால் வெளியேறு என்கிற விதியைச் சில நிறுவனங்கள் வெளிப்படையாகவே வைத்திருக்கின்றன. மற்றவற்றில் அது வாய்விட்டுச் சொல்லப்படாமல் நடக்கும்.

எம்.பி. புத்தகத்தில் போட்ட கையெழுத்துக்கு ஈடாக இங்கே ஏதாவது உண்டா என்று கேட்டீர்கள். கிடையாது. நாங்கள் ஒரு மாநில மின் விநியோக நிறுவனத்துக்கு இழப்பைக் குறைக்க ஐந்து மாதம் உழைத்து அறிக்கை கொடுத்தோம். கொடுத்த அன்று கைதட்டினார்கள். மறுநாள் நான் வேறு ஊரில் வேறு புராஜெக்டில் இருந்தேன். நாங்கள் சொன்னது நடந்ததா, இல்லையா என்பது எனக்குத் தெரியாது. இரண்டு ஆண்டுகள் கழித்து வேறொரு நிறுவனத்தின் அறிக்கை தற்செயலாகக் கைக்கு வந்தது. அதே மின் நிறுவனம், அதே கேள்வி. பதினேழாவது ஸ்லைடு நான் வரைந்தது. லோகோ மட்டும் மாறியிருந்தது. கோபம்கூட வரவில்லை. எழுத்துப் பிழை ஒன்றை அப்படியே வைத்திருந்தார்களே என்றுதான் தோன்றியது. கேஜின் முள் நிற்கும் வரை நின்று பார்த்தவருக்கு இது சிரமமாக இருக்கும் என்பது என் கணிப்பு. நான் வெளியேறியதற்கும் காரணம் இதுதான், வேலைப்பளு அன்று.

பதில்: சாஸ்திரி பவன் தாழ்வாரம்

நான் இப்போதும் இந்தத் தொழிலில்தான் இருக்கிறேன், அதுவும் நீங்கள் சேரப்போகும் அரசு ஆலோசனைப் பிரிவில். ஆகவே நீங்கள் கடைசியில் போகிறபோக்கில் எழுதிய அந்தப் படிவத்திலிருந்து தொடங்குகிறேன். அது வழக்கமான நடைமுறைதான். ஆனால் மனிதவளத் துறையின் நடைமுறை அன்று, டெண்டரின் நடைமுறை.

அரசு அலுவலகங்கள் ஆலோசகர்களைத் தேர்ந்தெடுப்பதில் கியூசிபிஎஸ் என்றொரு முறை பெரிதும் புழங்குகிறது. தொழில்நுட்பத் தகுதிக்கு ஒரு பங்கு மதிப்பெண், விலைக்கு ஒரு பங்கு மதிப்பெண் என்று சேர்த்துப் பார்ப்பார்கள். 2017ஆம் ஆண்டின் பொது நிதி விதிகள், விலையல்லாத அம்சங்களுக்கான பங்கு 80 விழுக்காட்டைத் தாண்டக்கூடாது என்கின்றன. மிகக் குறைந்த விலை கேட்டவருக்கு விலைப் பகுதியில் முழு 100; மற்றவர்களுக்கு அந்த விகிதத்தில் குறையும். தொழில்நுட்பப் பகுதியில் மதிப்பெண் எங்கிருந்து வருகிறது என்றால், நிறுவனம் முன்பு செய்த வேலைகளிலிருந்தும், குழுவில் யார் யார் இருப்பார்கள் என்று வைக்கப்படும் சிவிக்களிலிருந்தும் வருகிறது. "குடிநீர் வல்லுநர், குறைந்தது ஆறு ஆண்டு அனுபவம், அதில் கள அனுபவம் கட்டாயம்" என்று எங்கோ ஒரு டெண்டரில் எழுதியிருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் கையெழுத்துள்ள அந்தப் படிவம் அந்த இடத்துக்குத்தான் போயிருக்கும். உங்களை அவர்கள் தேடி வந்ததற்குக் காரணம் உங்கள் பேச்சுத்திறன் அன்று, அந்த ஒரு வரி. இதில் இழிவு ஒன்றும் இல்லை; நானும் அப்படித்தான் வந்தேன்.

ஆனால் இதன் விளைவுகளைத் தெரிந்துகொள்ளுங்கள். டெண்டரில் பெயர் சொல்லப்பட்ட வல்லுநரை இடையில் மாற்றினால் நிறுவனத்துக்கு அபராதம் விதிக்கும் ஒப்பந்தங்கள் உண்டு. எனவே அந்த வேலை உங்களுக்குப் பிடிக்காவிட்டாலும் உங்களை அங்கிருந்து எடுக்க மாட்டார்கள். பல துறைகளைப் பார்க்கலாம் என்று பழைய கன்சல்டன்ட் சொன்ன நன்மை, திட்ட மேலாண்மைப் பிரிவில், அதாவது பிஎம்யூவில், உட்கார வைக்கப்படும் ஒருவருக்குக் கிடைப்பது அரிது. இரண்டு, மூன்று ஆண்டுகள் ஒரே அலுவலகத்தில், கிளையன்டின் வருகைப் பதிவேட்டில் கையொப்பமிட்டுக்கொண்டு இருப்பீர்கள். அந்த அலுவலகம் தில்லியில்தான் இருக்கும் என்பதற்கும் உறுதி இல்லை. மாநிலத் தலைநகராகவும் இருக்கலாம். எந்த டெண்டர், எந்த ஊர் என்று உடனே கேளுங்கள். ஆஃபர் கடிதத்தில் குருகிராம் என்று போட்டிருப்பதை நம்பி இருந்துவிடாதீர்கள்.

அங்கே உங்கள் வேலையின் ஆயுள் திட்டத்தின் ஆயுளோடு பிணைந்தது. 2015 ஜூன் 25 அன்று தொடங்கிய ஸ்மார்ட் சிட்டி இயக்கம், பல நீட்டிப்புகளுக்குப் பிறகு 2025 மார்ச் 31 அன்று முடிந்தது. இப்படி ஓர் இயக்கம் முடியும்போது, அதைச் சார்ந்திருந்த குழுக்களில் இருப்பவர்கள் மொத்தமாகப் பெஞ்சுக்கு வருகிறார்கள். நகரங்களின் குடிநீர், கழிவுநீர் வசதிகளுக்கான அம்ருத் 2.0 இயக்கம், 2021 அக்டோபர் 1 அன்று தொடங்கியது. நீங்கள் எந்த இயக்கத்தின் எந்த ஆண்டில் நுழைகிறீர்கள் என்பது சம்பளத்துக்கு நிகரான கேள்வி.

அங்கே நாள் எப்படிப் போகும் என்றும் சொல்கிறேன். என் மேசை ஒரு தாழ்வாரத்தின் கோடியில், பழைய இரும்பு அலமாரிக்கும் தண்ணீர் வடிகட்டிக்கும் நடுவில் இருக்கிறது. நாடாளுமன்றக் கேள்வி வந்தால் பதிலின் முதல் வரைவை நான் எழுதுவேன். பிரிவு அதிகாரி அதை இ-ஆபீஸில் தம் குறிப்பாக ஏற்றுவார். அது மேலே போய், அமைச்சரின் பதிலாக அவையில் வைக்கப்படும். என் பெயர் எங்கும் இருக்காது. தொடக்கத்தில் இது உறுத்தியது. பிறகு, தணிக்கை ஆட்சேபம் வந்த ஒரு நாளில், அதே பிரிவு அதிகாரி மூன்றாண்டுக்கு முந்தைய குறிப்பு ஒன்றுக்கு விளக்கம் எழுத முடியாமல் வியர்த்துக்கொண்டிருந்ததைப் பார்த்தேன். அந்தக் குறிப்பை எழுதிக் கொடுத்த கன்சல்டன்ட் அப்போது வேறொரு நிறுவனத்தில், வேறு ஊரில் இருந்தார். விஜிலன்ஸ், அதாவது ஊழல் கண்காணிப்புப் பிரிவின் விசாரணை, பற்றிய பயம் இல்லாமல் தூங்குவது பெரிய சலுகைதான். அதற்கு விலையாகத்தான் உங்கள் எம்.பி. புத்தகம் பறிபோகிறது. எனக்கு இந்தப் பேரம் ஒத்துப்போனது. உங்களுக்கு ஒத்துப்போகுமா என்று தெரியாது.

பதில்: துவாரகை அக்கா

நான் கன்சல்டன்ட் இல்லை, தம்பி. ஒரு கன்சல்டன்டின் மனைவி. உங்கள் மனைவிக்கு ஆறாம் மாதம் என்று எழுதியிருந்ததால் பதில் எழுதுகிறேன்.

எங்கள் மூத்தவன் பிறந்தபோது இவர் ஒரு மாநில அரசுத் திட்டத்தில் இருந்தார். திங்கள் விடியற்காலை நாலரைக்கு டாக்சி வரும். வியாழன் இரவு பதினொன்றுக்குத் திரும்புவார். ஹாலின் மூலையில் அந்தச் சிறிய டிராலி பெட்டி எப்போதும் திறந்தே கிடக்கும். குழந்தை தவழத் தொடங்கியபோது முதலில் போய் ஏறி உட்கார்ந்தது அந்தப் பெட்டிக்குள்தான். மெட்டர்னிட்டி, பெட்டர்னிட்டி லீவு எல்லாம் அந்த நிறுவனத்தில் தாராளமாகவே இருந்தது. அதில் குறை சொல்ல மாட்டேன். ஆனால் லீவில் இருந்த இரண்டாவது வாரமே, "ஒரே ஒரு கால், பதினைந்து நிமிஷம்" என்று மேனேஜர் கூப்பிட்டார். அந்தப் பதினைந்து நிமிடம் எத்தனை மணிக்கு முடிந்தது என்று நான் இப்போது எழுதப் போவதில்லை.

பணம் வந்தது, வீடு வாங்கினோம், அதையும் சொல்ல வேண்டும். வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. உங்கள் அம்மாவோ மாமியாரோ ஊரிலிருந்து வந்து ஆறு மாதமாவது கூட இருக்க முடியுமா என்பதை, ஆஃபர் கடிதத்தில் கையெழுத்திடுவதற்கு முன்பே பேசி முடித்துவிடுங்கள். தில்லிக் குளிரில் கைக்குழந்தையோடு தனியாக இருப்பது லேசான காரியம் இல்லை.

பதில்: கணக்குப்பிள்ளை

சம்பளத்தைப் பற்றி மட்டும் சொல்லிவிட்டு நகர்கிறேன். 27 லட்சம் என்பது சிடிசி, அதாவது நிறுவனம் உங்களுக்காக ஆண்டுக்குச் செலவிடும் மொத்தத் தொகை. அதற்குள் என்னென்ன அடக்கம் என்று தாளில் எழுதி வாங்குங்கள். நிறுவனம் உங்கள் பிஎஃப் கணக்கில் செலுத்தும் பங்கும், அடிப்படைச் சம்பளத்தில் 4.81 விழுக்காடு என்று கணக்கிடப்படும் பணிக்கொடையும் பெரும்பாலும் அதற்குள்ளேயே சேர்க்கப்பட்டிருக்கும். பணிக்கொடை பொதுவாக ஐந்து ஆண்டுகள் தொடர்ந்து பணியாற்றியவருக்குத்தான் கைக்கு வரும். அந்தத் தொழிலில் அதற்கு முன்பே கிளம்புகிறவர்கள் ஏராளம் என்பதால், அதைக் காகிதத்தில் உள்ள பணமாகவே எடுத்துக்கொள்ளுங்கள். வேரியபிள் பே முழுதாக வரும் என்றும் எண்ணாதீர்கள்.

ஜாயினிங் போனஸில் ஒரு முள் இருக்கும். ஓராண்டுக்குள் விலகினால் திருப்பித் தர வேண்டும் என்று போட்டிருப்பார்கள். வரி பிடித்தம் போகக் கைக்கு வந்த தொகையையா, முழுத் தொகையையா என்று பாருங்கள். விலகிய பிறகு போட்டி நிறுவனத்தில் சேரக்கூடாது என்ற நிபந்தனை இருந்தால் அதிகம் கலங்க வேண்டாம். 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம், 27ஆம் பிரிவில், தொழில் செய்வதைத் தடுக்கும் ஒப்பந்தங்களைப் பொதுவாகச் செல்லாதவை என்கிறது. போனஸைத் திருப்பிக் கேட்பது வேறு கதை, அதற்கு இந்தப் பிரிவைக் கேடயமாகப் பிடிக்க முடியாது.

ஒரு சிறிய கணக்கு: நீங்கள் இப்போது இருக்கும் இடத்தில் "ஏறத்தாழ ஆறரை ஆண்டு" என்கிறீர்கள். பணிக்கொடை விதியில் ஆறு மாதத்துக்கு மேற்பட்ட பகுதி ஒரு முழு ஆண்டாகக் கொள்ளப்படும். ஆறு ஆண்டு, ஆறு மாதத்தைத் தாண்டிய பிறகு விடுவிக்கப்பட்டால் ஏழு ஆண்டுக் கணக்கு, அதற்கு முன்னால் என்றால் ஆறுதான். விடுவிக்கும் தேதியை நாட்காட்டியை வைத்துக்கொண்டு முடிவு செய்யுங்கள்.

கேள்வி கேட்டவர், பன்னிரண்டு நாள்கள் கழித்து

பதில் எழுதிய அனைவருக்கும் நன்றி.

தாழ்வாரத்து நண்பர் சொன்னபடி, அந்தப் படிவம் எந்த டெண்டருக்குப் போயிற்று என்று கேட்டு மின்னஞ்சல் அனுப்பினேன். மனிதவளத் துறையினருக்கு அது தெரியவே தெரியாது. இரண்டு நாள் கழித்து அந்தப் பிரிவின் டைரக்டர் நேரடியாக அழைத்து, மிகவும் மரியாதையாகவே பேசினார். என் சிவி லக்னோவில் உள்ள ஒரு மூன்றாண்டுப் புராஜெக்டுக்கு வைக்கப்பட்டிருக்கிறது. நேர்முகத்தின்போது யாரும் இதை என்னிடம் சொல்லவில்லை. "வாரத்துக்கு ஐந்து நாள்தானே, ரயிலில் ஓர் இரவுப் பயணம்தானே" என்றார். எனக்கு முன்பு அதே வேலைக்கு எடுக்கப்பட்டவர் இப்போது எங்கே இருக்கிறார் என்று கேட்டேன். அவர் சேர்வதற்கு முன்பே பின்வாங்கிவிட்டாராம்.

தில்லியில் அம்ருத் தொடர்பான வேறு ஒரு குழுவில் இடம் இருந்தால், ஊரைக் கடிதத்திலேயே குறிப்பிட்டுத் தரும்படி கேட்டிருக்கிறேன். ஒரு வாரம் அவகாசம் கேட்டார்கள். பணிக்கொடைக் கணக்கையும் பார்த்தேன்; ஆறரை ஆண்டு நிறைவடைய இன்னும் பத்தொன்பது நாள்கள் இருக்கின்றன. அதற்குள் அவர்களின் பதில் வந்துவிடும். லக்னோ என்று வந்தால் மறுத்துவிடுவதாக வீட்டில் பேசி முடித்துவிட்டோம். தில்லி என்று வந்தால் எம்.பி. புத்தகத்தை மறந்துவிட்டுச் சேர்ந்துவிடு என்கிறார் என் மனைவி. அதில்தான் எனக்கு இன்னும் மனம் ஒப்பவில்லை.